கூப்பிடு தூரத்தில் மருத்துவச்சி

அத்தியாயம் ஒன்பது

மூன்று வாரமாகப் பெட்டி கட்டிக்கொண்டே இருக்கிறார்களே, இவர்கள் எப்போதுதான் வீடு மாறுவார்கள் என்று எழுதிக் கேட்ட வாசகர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கு.

சனிக்கிழமை காலை ஏழு மணி. ஏழாங்கட்டைத் தோட்டத்து முள்கம்பி வாசலில் ஹியூபர்ட்டின் பால் லோரி நின்றது. ரப்பர்ப் பால் ஏற்றும் காலிப் பீப்பாய்களுக்கு நடுவே இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டில், மாதா படம், அம்மிக்கல், கோழிக்கூடு. எல்லாவற்றுக்கும் மேலே, கோழிக்கூட்டைக் கட்டிப் பிடித்தபடி அவன் தங்கை முரியல். முன்னால், அவன் பக்கத்தில், ஒன்பது மாத வயிற்றோடு அவன் மனைவி மாடில்டா.

வாசலில் சோதனை. மலாய் நாட்டில் அவசரகாலம் வந்து நாலாவது வருஷம் ஆகிறது. ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் அது காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போகிறது என்றுதான் கணக்கு. பெட்டியைத் திறந்தார்கள், தலையணையைக் குத்திப் பார்த்தார்கள். பெண்களைச் சோதிக்கிறவள் மாடில்டாவின் வயிற்றில் சந்தேகமாகக் கை வைத்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அன்றைய நாளின் முதல் சிரிப்பு அதுதான்.

லோரி வாசலைத் தாண்டியதும் ஹியூபர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருஷம் இதே வாசல், ராத்திரி இரண்டு மணிக்கு மாடில்டாவுக்கு வலி எடுத்தபோது, விடிகிற வரைக்கும் திறக்கவில்லை. ஊரடங்கு. விடிந்து வாசல் திறந்தபோது குழந்தை இல்லை. இரண்டாவது பிள்ளை இந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், இந்த லயத்தில், பிறக்காது என்று அன்றைக்கே அவன் சத்தியம் செய்தான். அதனால்தான் கலும்பாங்கில் முடிவெட்டும் கடைச் சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்த அந்த நோட்டீஸைப் பார்த்ததும், மறுபேச்சில்லாமல் முன்பணம் கொடுத்துவிட்டு, லயத்து வீட்டையும் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். இனித் திரும்பிப் போக இடமில்லை.

அந்த நோட்டீஸ் அவனுக்கு மனப்பாடம். லோரி ஓட்டிக்கொண்டே, மேலே இருக்கும் தங்கைக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"கலும்பாங் பட்டணத்தில் காற்றோட்டமான வீடு. குடும்பத்துக்குக் குடும்பம் தனிக் கதவு, தனிப் பூட்டு. ஆற்றைப் பார்த்த சன்னல். மருத்துவச்சி நாகமணி கூப்பிடு தூரத்தில்."

சொல்லி முடித்துவிட்டு, எழுதினவன் யாரோ, லேசுப்பட்ட ஆள் இல்லை என்று பாராட்டும் வைத்தான். மேலே கோழிகள்தான் பதில் சொல்லின.

எழுதினவன் இல்லை, எழுதினவள். உங்களுக்கும் எனக்கும் இரண்டு வாரமாகத் தெரிந்த விஷயம் ஹியூபர்ட்டுக்கு மட்டும் தெரியாது. கடிதம் எழுதித் தருகிறவர் யார் யார் என்று துப்பறியும் போலீஸ் தோட்டத்தில் விசாரித்துப் போனதிலிருந்து, வெளியாருக்கு ஒரு வரி எழுதக்கூடாது என்று அவன் முரியலுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். சம்பள நாளில் இருசப்பன் என்ற வீட்டுக்காரர் வந்து கெஞ்சியதும், அவர் நீட்டிய நீல ரவிக்கைத் துணியும் சேர்ந்து அந்தக் கண்டிப்பைக் கரைத்துவிட்டன. அண்ணன் அதே வீட்டைப் பிடிப்பான் என்று அவள் கண்டாளா? அந்த நீல ரவிக்கையைத்தான் இன்று போட்டிருந்தாள். நல்லது எது இருந்தாலும் வீடு மாறுகிற அன்று போட்டுக்கொள்ள வேண்டும் என்று மாடில்டாவே எடுத்துக் கொடுத்தது.

அவளுக்கும் அந்த வீட்டைப் பார்க்க ஆசைதான். தான் எழுதிய வீடு அல்லவா.

வீடு ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கடைவரிசைக்குப் பின்னால் நீளமாக நின்றது. பலகை வீடு, தகரக் கூரை. தலையில் எண்ணெய் வழிய இருசப்பன் ஓடிவந்து கோழிக்கூட்டை வாங்கினார். முரியலை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல் நல்ல நடிப்பு. கண் மட்டும் ரவிக்கையில் ஒரு நொடி நின்றது.

"மொதல்ல கதவப் பாருங்க தம்பி. தட்டிப் பாருங்க, மணி மாதிரி கேக்கும்."

கதவில் குற்றமே சொல்ல முடியாது. நடு வழியின் ஓரமாக வரிசையாக ஆறு தேக்குக் கதவுகள். அம்பாங் பெச்சாவில் பழைய கோலகுபு பட்டணம் வெள்ளத்தில் மண்மூடிப் போனபோது பெயர்த்து விற்ற கதவுகளாம். பித்தளைக் குமிழ், பூவேலை, ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடி. ஐந்தாவது கதவுக்குச் சாவியை ஹியூபர்ட் கையில் கொடுத்தார். ஹியூபர்ட் மாடில்டாவைத் திறக்கச் சொன்னான். அவள் சிலுவை போட்டுக்கொண்டு திறந்தாள்.

உள்ளே போனதும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் மேலே பார்த்தார்கள்.

சுவர் கதவின் உயரத்தோடு நின்றுவிட்டது. பிறகு கூரை வரைக்கும் வெறும் வெளி. அடுத்த அறையில் யாரோ வெங்காயம் நறுக்குகிறார்கள், அதற்கடுத்த அறையில் யாரோ மூக்கைச் சிந்துகிறார்கள், எல்லாம் இங்கேயே நடப்பதுபோல் கேட்டது. சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இந்த வீட்டுச் சுவருக்குத் தலையே இல்லை. காற்றோட்டம் என்றால் இதுதான் காற்றோட்டம்.

சன்னலைத் திறந்தால் அரிசிக்கடைக் கிடங்கின் செங்கல் சுவர். ஆறு எங்கே என்று மாடில்டா கேட்டாள். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது, சன்னல் அந்தத் திசையைப் பார்த்துத்தான் வைத்தது என்றார் இருசப்பன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம். ஓர் அறையை வாடகைக்கு விட இரண்டு மூன்று போதும் போலிருக்கிறது. அதில் ஒன்றுகூட முழுப் பொய் இல்லை என்பதுதான் முரியலைச் சுட்டது. 'ஆற்றைப் பார்த்த' என்பது அவள் போட்ட சொல்.

ஹியூபர்ட் ஏமாந்ததை ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. காற்று நன்றாக வருகிறது என்றான். கட்டிலைப் போட்டான், மாதா படத்தை மாட்டினான். மாடில்டா அந்தப் பித்தளைக் குமிழைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவளுக்கு உண்மையாகவே கதவு பிடித்துப்போயிற்று. லயத்தில் அவளுக்கு இருந்தது கோணிச் சாக்குத் திரை.

மத்தியானப் பால் ஏற்ற அவன் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். கிளம்பும்போது முரியலைத் தனியாகக் கூப்பிட்டான். தனியாக என்றால் லோரிக்குப் பக்கத்தில். வீட்டுக்குள் தனி என்று ஒன்று கிடையாது.

"சன்னல் போனா போவுது, முரி. எனக்கு அந்தக் கடைசி வரிதான் வேணும். வெத்தலை பாக்கு வச்சு நாகமணி அம்மாவப் பாரு. நான் அஞ்சு மணிக்கு வர்றதுக்குள்ள அவங்க வந்து உங்க அண்ணிய ஒரு தடவை பாத்துடணும்."

அதில் அவளுக்குப் பயமே இல்லை. சன்னல் அவள் கைவரிசை, மருத்துவச்சி அப்படி இல்லை. இருசப்பன் தன் வாயால் சொன்னது. சட்டப்படி வீட்டில் படுக்கிறவர்களின் பெயரெல்லாம் எழுதி வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. போய்ப் பார்த்தாள். பத்தொன்பது பெயர். நாலாவது அறையில், நாகமணி, வயது ஐம்பத்தெட்டு. அடையாளக் கார்டு எண்கூட இருந்தது. முரியலுக்கு அங்கேயே குதிக்கலாம் போலிருந்தது.

வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது, இருசப்பனின் மனைவி லெட்சுமி கடைசி அறையிலிருந்து, அந்த ஆறாவது கதவிலிருந்து, ஒரு காலி மங்குத் தட்டோடு வெளியே வந்தாள். வெளியே பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். அது ஸ்டோர் அறை, எலித் தொல்லை, பொறிக்குச் சோறு வைத்துவிட்டு வருகிறேன் என்றாள். ஆளுக்கு இத்தனை என்று அரிசியை அளந்து கொடுக்கிற காலத்தில் எலிக்கு ஒரு தட்டுச் சோறா என்று முரியல் நினைத்தாள். நினைத்ததோடு சரி, அவள் அவசரம் அவளுக்கு. நாகமணி எங்கே என்று கேட்டாள். பின்னால் கொட்டகையில் இருப்பாங்க என்றாள் லெட்சுமி.

கொட்டகையில் நாலு பசு, ஒரு எருமை. எருமைக்குப் பக்கத்தில் குந்தி ஒருவர் பால் கறந்துகொண்டிருந்தார். வெள்ளை மீசை, தோளில் ஈரத் துண்டு.

நாகமணி அம்மா எங்கே இருக்கிறார்கள் ஐயா என்று முரியல் கேட்டாள்.

"நாந்தான் தாயி நாகமணி. அம்மான்னு யாரும் இல்லயே."

அவள் தட்டை நீட்டியபடியே நின்றாள். பிரசவம் பார்க்கிறவர் என்றார்களே என்றாள். கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கலும்பாங்கில் தன் கை படாமல் ஒரு கன்று மண்ணில் விழுந்ததில்லை என்றார். பசு, எருமை, வெள்ளாடு எல்லாம் பார்த்திருக்கிறாராம். தோட்டத்துத் துரை வீட்டுக் குதிரைகூட ஒரு தடவை. யார் வீட்டு மாடு, எத்தனையாவது ஈற்று என்று அக்கறையோடு கேட்டார்.

மாடில்லை, என் அண்ணி என்றாள் முரியல்.

அவர் மறுபடி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு, மரியாதையோடு வைத்த வெற்றிலையை மறுக்கக்கூடாது என்று ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். பொம்பளைப் பிள்ளைக்கு நான் எப்படித் தாயி என்று சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிற்று.

முரியல் போன வேகத்தில் இருசப்பன் திண்டாடிப் போயிருக்க வேண்டும். அவரோ சாவகாசமாகச் சுருட்டுப் பற்றவைத்தார்.

"நான் என்ன சொன்னேன்? 'பிரசவம் பாக்கிறதுல கைராசிக்காரங்க நாகமணி, நம்ம வீட்டுலயே இருக்காங்க'ன்னு சொன்னேன். மருத்துவச்சிங்கிற வார்த்தை என் வாயில வந்துச்சா? நீதாம்மா எழுதுன."

வரவில்லை. சத்தியமாக வரவில்லை. இருசப்பனின் ஆட்கள் வட ஆற்காட்டுப் பக்கம். அவர்கள் பேச்சில் மரியாதை என்றால் ஆணும் 'இருக்காங்க', பெண்ணும் 'இருக்காங்க'. முரியல் வீட்டில் ஆண் என்றால் 'இருக்காரு', பெண் என்றால்தான் 'இருக்காங்க'. நாகமணி என்ற பெயரோ இரண்டு பக்கமும் பேசும். 'பிரசவம் பார்ப்பவர்' என்று எழுதினால் வரி நீளுகிறதே என்று அவள்தான் 'மருத்துவச்சி' என்று வெட்டிப் போட்டாள். போட்டுவிட்டு, எவ்வளவு கச்சிதமாக வந்துவிட்டது என்று இரண்டு தரம் வாசித்து மகிழ்ந்ததும் நினைவுக்கு வந்தது. நுணலும் தன் வாயால் கெடும்.

நோட்டீஸைப் படித்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். படிக்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன் என்றார் அவர். எழுதினது யார் என்று உன் அண்ணனிடம் நானும் சொல்லவில்லை பார் என்று ஒரு பொடியும் வைத்தார்.

அப்புறம் முரியல் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கலும்பாங் சின்ன ஊர். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அதை அவள் மூன்று சுற்றுச் சுற்றினாள். முடிவெட்டும் கடையில் கேட்டாள், மருந்துக்கடையில் கேட்டாள், துணி துவைக்கிற பெண்களிடம் கேட்டாள். முன்பு நர்ஸாக இருந்த ஓர் அம்மாள் மகள் வீட்டுக்கு, சுங்கை பஞ்சாங்குக்குப் போய் மாதக் கணக்காகிறது. பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்பத்தில், பிள்ளைப்பேறு பார்க்கிற ஒரு பிடான் இருக்கிறாள், தங்கமான கை, அவளும் வரச் சம்மதித்தாள். ஆனால் கம்பம், ஊரைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்கு வெளியே. ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் வேலி வாசல் மூடிவிடும். பகலில் பிள்ளை பிறக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்ளம்மா என்று அந்த மலாய்க்காரக் கிழவி சிரித்தாள். போன பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது என்று முரியல் அவளிடம் சொல்லவில்லை.

வேர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது இருசப்பன் பட்டியலில் புதுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ஹியூபர்ட், மாடில்டா, முரியல். பத்தொன்பதும் மூன்றும் இருபத்திரண்டு. ஆறு மணிக்கு ஹோம் கார்டு ஆட்கள் வந்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள், அவரவர் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும் என்றார்.

முரியலின் கண் பட்டியலில் நாலாவது அறைக்கு ஓடியது. ஒவ்வொரு பெயராக. நாகமணி என்று வாசிப்பார்கள், மீசை வைத்த குரல் 'இருக்கேன்' என்று சொல்லும். ஹியூபர்ட் பக்கத்தில் நிற்பான்.

அவன் ஐந்தே காலுக்கு வந்தான். முகமெல்லாம் பல். கையில் ஒரு பால் டின், காட்டுக்குப் போகாதபடி கடைக்காரன் சட்டப்படி ஓட்டை போட்டுக் கொடுத்தது. பிறக்கப் போகிற பிள்ளைக்கு இப்போதே பாலா என்று மாடில்டா கேலி செய்தாள். இன்றைக்கு நமக்கு, நாளைக்கு அவனுக்கு என்றான். பிறகு முரியலைப் பார்த்து, அம்மாவைப் பார்த்தாயா, வெற்றிலை வைத்தாயா என்று கேட்டான்.

"வெத்தலை வாங்கிக்கிட்டாங்க, அண்ணே."

பொய்யே இல்லை. ஒரே நாளில் அவள் இருசப்பனின் தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்த 'ங்க' அவள் நாக்கிலேயே கசந்தது. ஹியூபர்ட் மாதா படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு நடு வழிக் கடைசியில் இருந்த பொதுக் குழாயடிக்குப் போனான்.

ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

முரியல் கட்டிலில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயை அவள் காதோடு வைத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டீஸ் எழுதினது நான். ரவிக்கைத் துணிக்காக எழுதினேன். நாகமணி ஆம்பளை, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவர். ஊர் முழுக்கத் தேடிவிட்டேன், சங்கு ஊதினால் ஒருத்தரும் இல்லை. என்னை மன்னிச்சுடுங்க அண்ணி.

சொல்லி முடித்ததும் ஏதோ ஒன்று குறைவது தெரிந்தது. வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றிருந்தது. மூக்குச் சிந்துகிறவர் சிந்தவில்லை. நாலாவது அறையில் நாகமணிக் கிழவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். வீடு முழுக்கக் கேட்டிருந்தது.

குழாய் நின்றது. தேக்குக் கதவு திறந்தது. ஹியூபர்ட் கையில் வாளியோடு நின்றான். அவன் கத்துவான் என்று முரியல் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நான் அத மனப்பாடம் பண்ணியிருந்தேன், முரி."

அவ்வளவுதான் சொன்னான். முரியல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்த ஒன்பது வாரத்தில் அவள் அழுது நான் எழுதியதில்லை.

மாடில்டா இருவரையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள்.

"அப்ப ராத்திரி வலி வந்தா, யாருமே இல்லையா?"

யாரிடம் கேட்டாள் என்று தெரியாது.  

பதில் மேலேயிருந்து வந்தது. ஆறாவது அறையின் பக்கம், தலையில்லாத அந்தச் சுவருக்கு மேலாக, ஒரு பெண் குரல். தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டது.

"தலைச்சனா கண்ணு, ரெண்டாவதா?"

முரியல் முகத்திலிருந்து கையை எடுத்தாள். மருத்துவச்சிகள் முதலில் கேட்கிற கேள்வி. வெளியே பூட்டுத் தொங்கும் அறை. எலிக்கு வைத்த சோறு. பட்டியலில் ஆறாவது அறைக்கு ஒரு பெயரும் கிடையாது. பெயரில்லாத ஆளை ஒளித்து வைத்தால் என்ன தண்டனை என்று அந்த நாளில் பாலர்களுக்குக்கூடத் தெரியும். வாசலில் இருசப்பன் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்து சத்தம் போட்டது.

அவள் யார், யாருக்குப் பயந்து அங்கே இருக்கிறாள் என்று மாடில்டா கேட்கவில்லை. சுவருக்கு மேலே பார்த்துப் பதில் சொன்னாள்.

"ரெண்டாவது, அக்கா. மொதல் புள்ள தங்கல."

"வயிறு எறங்கியிருக்கா?"

"நேத்திலேருந்து எறங்கியிருக்கு."

"பயப்படாத. இந்தப் புள்ள தங்கும். வலி வந்தா சுவத்துல ரெண்டு தட்டுத் தட்டு."

அழகுக்காக முரியல் போட்ட சொல் அந்தச் சுவருக்கு அப்பால் உயிரோடு உட்கார்ந்திருந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை, கை தட்டுகிற தூரம். அழுத கண்ணோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நடுக்கமும் வந்தது.

சங்கு ஊதியது. வெளியே தெருவில் பூட்ஸ் காலடி, பிறகு விசில். பட்டியலை வாசிக்க வந்துவிட்டார்கள். அறை அறையாகக் கதவுகள் திறந்தன, ஆட்கள் நடு வழிக்கு வந்தார்கள். எல்லார் பார்வையும் அந்த ஆறாவது கதவுக்கு ஓடி ஓடித் திரும்பியது.

ஹியூபர்ட் வாளியைக் கீழே வைத்தான். மாடில்டாவைப் பார்த்தான், அவள் கை இன்னும் வயிற்றில்தான் இருந்தது. கதவைத் தாண்டி நடு வழிக்கு வந்து, ஆறாவது கதவுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டான். அவன் குரலை உயர்த்தவில்லை. இந்த வீட்டில் அதற்குத் தேவையும் இல்லை.

"எல்லாருக்கும் சொல்றேன். இங்க இருக்கிறது இருபத்திரண்டு பேருதான்."